ஆக்‌ஷன் த்ரில்லர் 4கே டிஸ்க்: குறை டிஸ்க்கிலா, செட்டிங்கிலா? (கடலூர் – புதுச்சேரி ஹோம் தியேட்டர் இழை)

1. திருப்பாப்புலியூர்

வணக்கம். பாரிஸிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மூலமா ஒரு ஆக்‌ஷன் த்ரில்லரோட இரண்டு டிஸ்க் பெட்டி கிடைச்சிருக்கு. ஒண்ணு 4கே யுஎச்டி, இன்னொண்ணு சாதா புளூரே. தொண்ணூறுகளில் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்த படம், ஓடும் நேரம் 2 மணி. பெயர் சொன்னா பேச்சு நடிகர் பக்கம் போயிடும், அதனால சொல்லலை. இந்த வெளியீட்டுக்கு இங்கே மதிப்புரை எழுதணும். அதுக்கு முன்னாடி, கண்ணில் படும் குறையெல்லாம் டிஸ்க்கோட குறைதானான்னு தெரியணும்.

சிஸ்டம்: டால்பி விஷன் (வெளிச்சம், நிறத்தின் வீச்சைக் கூட்டும் எச்டிஆரில் ஒரு வகை) உள்ள 55 இன்ச் எல்இடி டிவி, சோனி எக்ஸ்700 பிளேயர், 5.1 ரிசீவர், 10 இன்ச் சப்வூஃபர். அறை 12க்கு 10 அடி, டைல்ஸ் தரை. சோஃபா டிவியிலிருந்து 9 அடி. பிளேயர் டிவியில் மாட்டியிருக்கு, டிவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியா ரிசீவருக்குச் சத்தம்.

பிரச்சினைகள்: இரவு நேரத் துரத்தல் காட்சி ரொம்ப இருட்டு. முகங்களில் பொடிப்பொடியா ஏதோ ஆடுது. துப்பாக்கிச் சத்தத்தில் உயிரில்லை, வசனம் அமுங்கிக் கிடக்கு. ஆங்கில ஒலித் தடத்தைப் போட்டா பிரெஞ்சு சப்டைட்டில் போகவே மாட்டேங்குது. புளூரே டிஸ்க் மண்டலம் சரியில்லைன்னு நின்னுடுது. இதில் எதை டிஸ்க் மேல எழுதலாம்?

2. லாஸ்பேட்டை லென்ஸ்

இப்போதைக்கு எதையும் எழுதாதீங்க. முதல்ல பாதையைச் சுத்தம் பண்ணணும்.

எக்ஸ்700-ல் டால்பி விஷன் தானா மாறாது, நாமே ஆன், ஆஃப் பண்ணணும். டிஸ்க் வெறும் எச்டிஆர்10-ஆ இருந்து நீங்க டால்பி விஷனை ஆனிலேயே விட்டிருந்தா, பிளேயர் எல்லாத்தையும் டால்பி விஷனா மாத்தி அனுப்பும். படத்தோட வெளிச்சமே மாறிப் போகும். பெட்டியின் பின்னட்டையில் டால்பி விஷன் சின்னம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஆஃப்.

அடுத்து டிவியின் எச்டிஎம்ஐ உள்ளீடு. பல டிவிகளில் அது பழைய வேகத்தில்தான் திறந்திருக்கும். எல்ஜியில் டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் சிக்னல் ஃபார்மட்டை என்ஹான்ஸ்டு ஆக்கணும். கேபிள் 18 கிகாபிட் தாங்கணும். நொடிக்கு 24 பிரேம் படத்துக்கு 9 கிகாபிட் அளவே போதும், அதனால பழைய கேபிளிலும் படம் ஓடிடும். ஆனா 60 பிரேமில் வரும் பிளேயரின் முகப்புத் திரை வெட்டி வெட்டிக் கறுக்கும். அப்படி நடந்தா குற்றவாளி கேபிள்தான்.

படப் பயன்முறையை ஃபிலிம்மேக்கர் அல்லது சினிமாவில் வையுங்க. மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன், மின்சிக்கனம் மூணும் ஆஃப். ஷார்ப்னஸ் எல்ஜி, சாம்சங்கில் 0. சோனியில் 50 தான் நடுநிலை, அதை 0 ஆக்கினா படம் மழுங்கிடும்.

இருட்டுக்கு வருவோம். எச்டிஆரில் ஒவ்வொரு சிக்னல் அளவுக்கும் இத்தனை நிட் வெளிச்சம்னு நிலையான கணக்கு உண்டு. சிக்னல் ஏறக்குறைய பாதியைத் தொடும்போதே 100 நிட், முக்கால் பங்கில் 1000 நிட். பழைய எஸ்டிஆர் (எச்டிஆர் இல்லாத சாதா படம்) மாதிரி டிவி தன் இஷ்டத்துக்கு மொத்தப் படத்தையும் தூக்கிக் காட்டாது. ஜன்னல் திறந்த அறையில் பகலில் பார்த்தா இரவுக் காட்சி காணாமத்தான் போகும். அதோட, உங்க பேனல் 350, 400 நிட்தான் தரும்னா, 1000 அல்லது 4000 நிட்டுக்கு மாஸ்டர் பண்ணின (இறுதி மூலப் பிரதி தயாரிச்ச) படத்தைச் சுருக்கிக் காட்டும்போது சில டிவிகள் நடு வெளிச்சத்தையும் சேர்த்து இறக்கிடும். பேக்லைட் முழுசா வையுங்க, டைனமிக் டோன் மேப்பிங் (படத்தின் வெளிச்சத்தை டிவியின் திறனுக்குப் பொருத்தும் வசதி) இருந்தா போட்டுப் பாருங்க, ராத்திரி விளக்கணைச்சுப் பாருங்க. மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை சாம்பலா தெரிஞ்சா, பிளேயரும் டிவியும் வேற வேற ரேஞ்சில் (கறுப்பு, வெள்ளைக்கான சிக்னல் எல்லை) இருக்குன்னு அர்த்தம். இரண்டையும் ஆட்டோவில் விடுங்க.

இவ்வளவும் செய்த பிறகும் இரவுக் காட்சியில் கறுப்புக் கோட்டின் மடிப்பும் பின்னால் இருக்கும் சுவரும் ஒண்ணாக் கலந்திருந்தா, அப்போ டிஸ்க்கைச் சொல்லலாம்.

3. மிஷன் வீதி

மண்டலம், சப்டைட்டில் இரண்டும் நம்ம ஊருக்கே உரிய தலைவலி. பிரான்ஸிலிருந்து டிஸ்க் வராத வீடு புதுச்சேரியில் குறைவு, அதனால விரிவாவே சொல்றேன்.

4கே யுஎச்டிக்கு மண்டலப் பூட்டு கிடையாது, எங்கே வாங்கினாலும் இங்கே ஓடும். புளூரேவுக்கு உண்டு. அமெரிக்கா ஏ, பிரான்ஸும் இங்கிலாந்தும் பி, இந்தியா சி. பின்னட்டையில் அறுகோணச் சின்னத்துக்குள் எழுத்து இருக்கும். பி மட்டும் போட்டிருந்தா இங்கே வாங்கின பிளேயர் அதைத் தொடாது. ஏ, பி, சி மூணும் இருந்தா கவலையில்லை. பிரச்சினை எங்கேன்னா, இரண்டு டிஸ்க் பெட்டிகளில் மேக்கிங் வீடியோ, நீக்கின காட்சி எல்லாம் பெரும்பாலும் புளூரேயில்தான் வைப்பாங்க. படம் ஓடும், இணைப்புகள் ஓடாது. மதிப்புரையில் இதைத் தெளிவா எழுதுங்க. வாங்கப் போறவங்களுக்கு இது படத் தரம் அளவுக்கே முக்கியம்.

சப்டைட்டில்: சில பிரெஞ்சு வெளியீடுகளில் மூல ஆங்கிலத் தடத்தை எடுத்தா பிரெஞ்சு எழுத்தைக் கட்டாயமா பூட்டியிருப்பாங்க. ரிமோட்டின் சப்டைட்டில் பொத்தானுக்கு அது அசையாது. இரண்டு வழி இருக்கு. பிளேயர் செட்டிங்கில் மெனு மொழி, ஒலி மொழி, சப்டைட்டில் மொழி மூணையும் ஆங்கிலமாக்கி டிஸ்க்கை வெளியே எடுத்து மறுபடி போடுங்க. பல டிஸ்க்குகள் பிளேயரின் மொழியைப் பார்த்துத்தான் எந்த மெனு காட்டணும்னு முடிவு பண்ணும். தொடக்கத்தில் நாட்டுக் கொடிகள் வந்தா பிரிட்டிஷ் கொடியை எடுங்க, அந்தக் கிளையில் பூட்டு இருக்காது. இரண்டுமே பலிக்கலைன்னா, அது இந்த வெளியீட்டின் குறை. தயங்காம எழுதலாம்.

பிரெஞ்சு டிவிடி பற்றி ஒரு வார்த்தை, நம்ம பக்கம் இன்னும் நிறைய கைமாறுது. அது மண்டலம் 2, நாம 5. அதோட 24 பிரேம் படத்தை பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறையில் 25-ஆ ஓட்டுவாங்க. படம் 4 சதவீதம் வேகமாகும், 120 நிமிஷம் 115 ஆகும், குரலும் கொஞ்சம் கீச்சுன்னு ஏறும். ஓடும் நேரம் குறைவா போட்டிருக்கேன்னு காட்சி வெட்டிட்டாங்கன்னு யாரும் எழுதிடாதீங்க.

4. முதுநகர்

லென்ஸ் சார் சொன்னது சரி. ஆனா முகத்தில் ஆடுற பொடியைப் பற்றி யாரும் வாய் திறக்கலையே? 4கே-ன்னா சுத்தமா இருக்க வேண்டாமா? இதே வகைப் பழைய படங்கள் ஓடிடியில் பளிச்சுன்னு ஒரு புள்ளியில்லாம ஓடுது. காசு கொடுத்து வாங்கின டிஸ்க்கில் பொடி இருந்தா அதைக் குறைன்னுதான் எழுதணும்.

5. லாஸ்பேட்டை லென்ஸ்

முதுநகர் அண்ணே, இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

35 எம்எம் படச்சுருளில் பிம்பமே அந்தப் பொடியால்தான் ஆனது. வெள்ளி உப்புத் துகளில் வெளிச்சம் பட்டு உருவான படம். பொடியைத் துடைச்சா அதோடு சேர்ந்து தோலின் நுண்துளை, தாடியின் அடிமுடி, கோட்டின் நெசவு எல்லாம் போகும். எஞ்சுறது மெழுகு முகம். 1987-ல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தை 2010-ல் இரண்டாம் முறை புளூரேயா விட்டப்போ பொடியைச் சுரண்டி எடுத்தாங்க. காட்டுக்குள்ள வியர்வையோட நிற்கும் ஆட்கள் பிளாஸ்டிக் பொம்மையாத் தெரிஞ்சாங்க. ‘டெர்மினேட்டர் 2’-வை 2017-ல் 3டிக்காகச் சுத்தம் செய்து, அதே மாஸ்டரை 4கே டிஸ்க்குக்கும் கொடுத்தப்போ அதே புகார். 2024-ல் 4கே-யில் வந்த ‘ட்ரூ லைஸ்’ இன்னும் ஒரு படி மேல. துடைச்சதோடு நிற்காம, கணினி இல்லாத விவரத்தை வரைஞ்சு சேர்த்திருக்கு. மூணும் பெரிய ஸ்டூடியோ வெளியீடுகள்தான். சுத்தமா இருந்ததுதான் அதுங்க குறையே.

ஓடிடியில் பளிச்சுன்னு தெரியறதுக்குக் காரணம் தரம் இல்லை. பொடியை அப்படியே கடத்த நிறைய பிட்ரேட் (நொடிக்கு இத்தனை தகவல்ங்கிற அளவு) வேணும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குக் கேட்கும் இணைய வேகமே 15 மெகாபிட்தான். அதுக்குள்ள அடக்கணும்னா பொடியை வழிச்சு எடுத்தாகணும்.

சோதனை எளிது. ஒரு குளோசப்பில் நிறுத்துங்க. பொடி திரை முழுக்க, முகத்திலும் பின்சுவரிலும் வானத்திலும் ஒரே சீரா இருக்கணும், ஒவ்வொரு பிரேமுக்கும் இடம் மாறணும். ஓடவிட்டா உயிரோட துடிக்கணும். முகத்தில் இல்லாம சுவரில் மட்டும் இருந்தா துடைச்சிருக்காங்க. பிரேம் நகர்ந்தும் பொடி அதே இடத்தில் உறைஞ்சு நின்னா, டிஜிட்டல் சுத்திகரிப்பு அரைகுறையா ஓடியிருக்கு.

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்துக்கு இந்த அளவுகோல் வேண்டாம். ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ (2015) டிஜிட்டலில் எடுத்து 2கே-யில் (ஏறக்குறைய புளூரே அளவுத் தெளிவு) முடிச்சது. அதன் 4கே டிஸ்க் பெரிதாக்கப்பட்ட படம்தான், ஆனா எச்டிஆர் நிறமும் வெளிச்சமும் அதுக்குப் பெரிய ஆதாயம். மூலம் எதுன்னு தெரிஞ்சுக்காம மார்க் போடக் கூடாது.

6. முதுநகர்

பிரிடேட்டர் எடுத்துக்காட்டு புரியுது. ஆனா எல்லாப் பொடியும் ஃபிலிம் பொடின்னு ஏத்துக்க முடியாது. சுருக்கத்தில் கெட்டுப் போனதும் பொடி மாதிரித்தானே தெரியுது? அதை எப்படிப் பிரிப்பீங்க?

7. லாஸ்பேட்டை லென்ஸ்

கேட்க வேண்டிய கேள்வி. ஆக்‌ஷன் படத்துக்கு இதுதான் உண்மையான பரீட்சை.

முதல்ல இடக் கணக்கு. 2 மணி நேரம் 7200 நொடி. 66 ஜிபி யுஎச்டி டிஸ்க்கில் சராசரியா 73 மெகாபிட் வரை இடம் இருக்கு, 100 ஜிபியில் 111. படத்துக்கு 60 மெகாபிட் கொடுத்தா 54 ஜிபி. ட்ரூஎச்டி அட்மாஸ் (தரம் இழக்காத ஒலித் தடம்) ஒரு 4 ஜிபி. பிரெஞ்சு டப்பிங், விளக்கவுரை எல்லாம் சேர்த்தாலும் 66-க்குள் அடங்கும். படம் 3 மணி நேரமா இருந்து அதே 66 ஜிபியில் திணிச்சிருந்தா எச்சரிக்கையா பாருங்க.

எங்கே உடையும்னா: துப்பாக்கி வெளிச்சம், புகை, மழை, சிதறும் கண்ணாடி, உலுக்கும் கேமரா. சுருக்கும் முறை முந்தின பிரேமிலிருந்து அடுத்ததை ஊகிச்சு, வித்தியாசத்தை மட்டும் எழுதும். துப்பாக்கி சுடும் வெளிச்சம் ஒரு பிரேம், அதாவது 42 மில்லிநொடி, மிஞ்சினா இரண்டு பிரேம். அந்த ஒரு பிரேமில் திரை முழுக்க மாறிடுது, அடுத்ததில் பழையபடி. ஊகம் இரண்டு தடவை தோற்கும். அந்த நேரம் பிட்ரேட் துள்ளி ஏற இடம் கொடுக்கலைன்னா படம் கட்டமாகும்.

ஒரு வெடிப்பை எடுத்துக்குங்க. கார் வெடிக்கும் முதல் பிரேமில் நிறுத்தி, ஒவ்வொண்ணா நகர்த்துங்க. முதல் பிரேமில் வெள்ளை. இரண்டாவதில் நெருப்பின் நடு மஞ்சள், ஓரம் ஆரஞ்சு. மூணு, நாலில் நெருப்பைச் சுற்றிக் கறும்புகை கிளம்பும். அந்தப் புகையின் விளிம்பைத்தான் பார்க்கணும். நல்ல டிஸ்க்கில் சுருள் சுருளா, உள்ளே பொடியோட இருக்கும். மோசமானதில் சதுரம் சதுரமா வெட்டின மாதிரி இருக்கும், அஞ்சாறு பிரேம் கழிச்சுத்தான் விவரம் திரும்பி வரும். ஃபிலிம் பொடிக்கு வடிவம் கிடையாது, சுருக்கக் கழிவுக்கு கட்டம் உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.

நெருப்பின் நடுவையும் கவனிங்க. எச்டிஆரில் அங்கே உள் அடுக்குகள் தெரியணும். வெறும் வெள்ளைத் திட்டா இருந்தா பழைய எஸ்டிஆர் மாஸ்டரைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம், இல்லை உங்க டிவி வெட்டியிருக்கலாம். டோன் மேப்பிங்கை மாத்திப் பார்த்து எதுன்னு உறுதி செய்யுங்க.

திருப்பாப்புலியூர் தம்பிக்கு ஒண்ணு: 55 இன்ச்சில் 4கே-யின் முழு விவரமும் சராசரிக் கண்ணுக்குப் புலப்பட 1.1 மீட்டர் தூரத்தில் உட்காரணும். 2.2 மீட்டருக்கு அப்பால் புளூரேக்கும் 4கே-க்கும் கூர்மையில் வித்தியாசம் தெரியாது. 9 அடின்னா 2.7 மீட்டர். அங்கேயிருந்து ‘4கே-யில் கூர்மை கூடலை’ன்னு எழுதினா அது சோஃபாவைப் பற்றின விமர்சனம். சோதிக்கும்போது நாற்காலியை முன்னால் போடுங்க, படத்தை ரசிக்கும்போது பின்னால் போங்க.

8. ஒலியலை

சத்தம் என் பங்கு.

ஏஆர்சி வழியா ட்ரூஎச்டியோ டிடிஎஸ்-எச்டி மாஸ்டரோ போகாது, அதுக்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேணும். இப்போ நீங்க கேட்கிறது சுருங்கின தடம். பிளேயரை நேரா ரிசீவரில் மாட்டுங்க, ரிசீவரிலிருந்து டிவிக்குப் படம். ரிசீவர் 4கே எச்டிஆரைக் கடத்தாத பழசுன்னா, எக்ஸ்700-ல் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு இருக்கு. ஒண்ணு டிவிக்கு, ஒலிக்கான மற்றது ரிசீவருக்கு. பிளேயரில் பிடி ஆடியோ மிக்ஸ் செட்டிங்கை ஆஃப் பண்ணணும். அது ஆனா இருந்தா மெனு கிளிக் சத்தத்தைக் கலக்குறதுக்காக மொத்தத் தடத்தையும் மறுபடி சுருக்கி அனுப்பும். ரிசீவர் முகப்பில் தடத்தின் பெயர் சரியா எழுந்தாத்தான் பேச்சு.

வசனம் அமுங்குது, துப்பாக்கியில் உயிரில்லை, இரண்டும் சேர்ந்து வந்தா முதல் சந்தேகம் ரிசீவரின் நைட் மோட் அல்லது டைனமிக் ரேஞ்ச் கன்ட்ரோல் (பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது). ஆஃப் பண்ணுங்க. அடுத்து, ஸ்பீக்கர் அளவுகளைப் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை வைத்து உட்காரும் இடத்தில் 75 டெசிபெல்லுக்குச் சமப்படுத்துங்க, கிராஸ்ஓவர் (எதுக்குக் கீழே சத்தம் சப்வூஃபருக்குப் போகணும்ங்கிற எல்லை) 80 ஹெர்ட்ஸ். சென்டர் ஸ்பீக்கரை டிவி அலமாரிக்குள் தள்ளி வைத்திருந்தா விளிம்புக்கு இழுங்க. அலமாரிப் பெட்டிக்குள் வசனம் குடம் மாதிரி ஒலிக்கும்.

அறையை மறக்காதீங்க. 12 அடி நீளத்துக்கு முதல் நிலையலை (சுவர்களுக்கு நடுவே தேங்கி ஓங்கும் சுருதி) 47 ஹெர்ட்ஸ் பக்கம், 10 அடிக்கு 56. எந்த வெடிப்பானாலும் இந்த இரண்டு சுருதியிலும் ‘கும்ம்’னு இழுக்கும், டிஸ்க்கில் பேஸ் பிரமாதம்னு தோணும். அறையின் சரியான நடுவில் உட்கார்ந்தா அதே சுருதி காணாமப் போகும், பேஸே இல்லைன்னு தோணும். இரண்டுமே அறை செய்யும் வேலை. சப்வூஃபரை மூலையிலிருந்து ஒரு அடி ஒரு அடியா நகர்த்தி, ஒரே வெடிப்பை மூணு இடத்திலிருந்து கேட்டுப் பாருங்க. டைல்ஸ் தரையில் ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே கெட்டியான விரிப்பு போடுங்க. கோரைப்பாய் பத்தாது.

டிஸ்க்கைப் பற்றிக் கேட்க வேண்டியது இவை. துப்பாக்கி ஒலிக்கு மூணு பாகம் உண்டு: சட்டுன்னு வெடிக்கும் முனை, உடல், கட்டடங்களில் மோதித் திரும்பும் வால். மைக்கேல் மன்னின் ‘ஹீட்’ (1995) வங்கிக்கொள்ளைச் சண்டையில் படப்பிடிப்புத் தளத்தில் பதிவான ஒலியையே வைத்ததால், அந்த வால் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக் கட்டடங்களுக்கு நடுவே உருள்வது காதில் விழும். உங்க டிஸ்க்கில் முனை மழுங்கியிருந்தா வீட்டு டிவிக்காக மறுகலவை செய்து உச்சத்தை அமுக்கியிருக்காங்க. வெடிப்பில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒண்ணுமே இல்லைன்னா அடிபேஸை வெட்டியிருக்காங்க. ஆனா 10 இன்ச் சப் பலவற்றுக்கு அந்த ஆழத்தில் வேலையே கிடையாது. சோதனைத் தொனி போட்டு அது எங்கே மூச்சடங்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

ஓடிடியோட ஒப்பிட்டா முதல்ல சத்த அளவைச் சமமாக்குங்க. வசனம் ஒரே அளவில் கேட்கும்படி வைத்துட்டு அப்புறம் சண்டையைக் கேளுங்க. 3 டெசிபெல் கூடுதலா இருக்கும் தடம் எப்பவும் நல்ல தடம் மாதிரியே தெரியும். ஓடிடி அட்மாஸ் அதிகபட்சம் 768 கிலோபிட். டிஸ்க்கில் அதைவிடப் பல மடங்கு. வித்தியாசம் வெடியில் தெரியாது, வெடிக்கு முந்தின அமைதியிலும் வெடி அடங்கும் வாலிலும்தான் தெரியும்.

9. திருப்பாப்புலியூர்

எல்லாருக்கும் நன்றி. பெட்டியில் டால்பி விஷன் சின்னம் இல்லை. ஆஃப் பண்ணினதும் இரவுக் காட்சியில் காருக்குப் பின்னால் இருக்கும் செங்கல் சுவர் தெரிய வந்தது. மெனு மொழியை மாத்தினதும் சப்டைட்டில் விலகிடுச்சு. பொடி முகத்திலும் சுவரிலும் ஒரே சீரா இருக்கு, புகையில் கட்டம் இல்லை. ரிசீவரில் ட்ரூஎச்டின்னு வருது, துப்பாக்கி எழுந்து நிற்குது.

புதுசா ஒண்ணு: 1 மணி 4 நிமிஷம் பக்கம் படம் உறைஞ்சு, அப்புறம் தாண்டிப் போகுது. இது அச்சுக் குறையா?

10. உப்புக்காற்று

நடுப் படத்தில் நிற்குதுன்னா டிஸ்க்கின் வெளி விளிம்பைப் பாருங்க. இரண்டடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியே படிக்கும், இரண்டாவதை வெளியிலிருந்து உள்ளே. அடுக்கு மாறும் இடம் விளிம்பில் வரும். நாம விரல் வைத்துத் தூக்குவதும் அங்கேதான்.

மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைங்க, வட்டமா தேய்க்காதீங்க. போகலைன்னா ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த தண்ணி, பிறகு காய்ச்சி வடித்த நீர். நம்ம போர் தண்ணியில் கழுவினா உப்புத் திட்டு படியும். டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கு, புளூரேயிலும் யுஎச்டியிலும் 0.1 மட்டும்தான். கீறல் நீக்கும் மெஷினில் டிவிடியைத் தேய்க்கலாம், இதைத் தேய்த்தா டிஸ்க் முடிஞ்சது.

துடைச்ச பிறகும் அதே நொடியில் நின்னா வேற பிளேயரில் போடுங்க. அங்கேயும் அதே இடம்னா அச்சுக் குறை, மாத்திக் கேளுங்க. அங்கே ஓடினா உங்க பிளேயரின் லென்ஸ். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை மாதிரி கடலோரப் பக்கம் இருக்கிறவங்க எச்டிஎம்ஐ முனைகளையும் அவ்வப்போது பிடுங்கிப் பாருங்க. உப்புக்காற்றில் தொடுமுனை கறுத்தா திரையில் வெள்ளைப் புள்ளி மின்னும், அதையும் டிஸ்க் மேல போடுவாங்க. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சாப் போதும். டிஸ்க் அலமாரியில் நீலச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க, ரோஸ் நிறமானா மாத்துங்க.

11. மிஷன் வீதி

இதையொட்டி, ஞாயிறு சந்தையில் பழைய டிஸ்க் எடுப்பவர்களுக்கு: நடு வளையத்தைச் சாய்த்துப் பாருங்க. அச்சிட்ட டிஸ்க்கில் அச்சிட்ட ஆலையைக் காட்டும் ஐ.எஃப்.பி.ஐ. குறியீடு பொடி எழுத்தில் பதிந்திருக்கும். அது இல்லாம, அடிப்பக்கம் கருத்தும் இருந்தா வீட்டில் கணினியில் பதிவு பண்ணின பிரதி. நடுத்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தா இலவசமா கொடுத்தாலும் வேண்டாம், பிளேயருக்குள் உடையும். அப்புறம், பிஎஸ்4 ப்ரோ யுஎச்டி டிஸ்க்கைப் படிக்காது. பிஎஸ்5 டிஸ்க் டிரைவ் இருந்தா படிக்கும், டால்பி விஷன் கிடையாது.

12. முதுநகர்

மதிப்புரையில் மொத்தமா அஞ்சுக்கு இத்தனைன்னு ஒரு மார்க் போடலாமா?

13. லாஸ்பேட்டை லென்ஸ்

வேண்டாம் அண்ணே. மாஸ்டர், என்கோடிங் (சுருக்கிய விதம்), ஒலி, இணைப்புகள், நாலுக்கும் தனித்தனியா எழுதணும். நல்ல மாஸ்டரை மோசமா சுருக்கியிருந்தா அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்கலாம். மாஸ்டரே துடைச்சதுன்னா எத்தனை தடவை விட்டாலும் அதே மெழுகுதான். வாங்குறவருக்கு இந்த வித்தியாசம்தான் பணம். சராசரி போட்டா அது மறைஞ்சிடும். படம் நல்லாயிருக்கா இல்லையான்னு தனிப் பத்தியில் எழுதுங்க, டிஸ்க் மார்க்கில் கலக்காதீங்க. கூடவே உங்க டிவி மாடல், பிளேயர், அமர்ந்த தூரம், எந்தக் காட்சி, எத்தனாவது நிமிஷம்னு குறிப்பிடுங்க. படிக்கிறவர் தன் வீட்டில் அதே நிமிஷத்தைப் போட்டுச் சரிபார்க்கணும்.

14. திருப்பாப்புலியூர்

விளிம்பில் விரல் தடம் இருந்தது. துடைச்சதும் 1:04-ஐ நிற்காம தாண்டிடுச்சு. புளூரே டிஸ்க்கில் பி மட்டும்தான் இருக்கு, அதனால இணைப்புகளுக்கு இங்கே மார்க் இல்லைன்னு காரணத்தோட எழுதுறேன். ஒலிக்கு சப்வூஃபரை நகர்த்திக் கேட்டுட்டு, மதிப்புரையைத் தனி இழையா ஞாயிற்றுக்கிழமை போடுறேன். வெடிப்புக் காட்சி 38-ஆவது நிமிஷம், இரவுத் துரத்தல் 71. அதே பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்த இரண்டையும் பார்த்து வையுங்க.